வேனில்

ஏலத்தில் எடுத்தது.
எழுபத்திரண்டாயிரம், ஸ்டெப்னி தனி.
சிவப்புப் பட்டையைச் சுரண்டிவிட்டு
எபநேசர் மஞ்சள் அடித்தார்.
முன்னால் போகிறவன் கண்ணாடிக்காக
இடவலம் புரட்டி எழுதிய எழுத்து மட்டும்
மூன்று கோட்டிங்குக்கும் அடங்காமல்
மூக்கின் மேல் மங்கலாக நிற்கிறது.

ஆக்சிஜன் சிலிண்டரின் வளையத்தில் தண்ணீர்க் கேன்.
குளுக்கோஸ் கொக்கியில் ஒரு சீப்பு ஏலக்கி.
ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்தில் பலகைக் கட்டில்.
தலை எந்தப் பக்கம் என்று இரண்டு நாள் பேசி
கடைசியில் குறுக்கே படுப்பதென்று முடிவானது.
கால் நீளவில்லை, பரவாயில்லை.

பிரான்சில் அவர் தங்கை மகன் போன வருடம்
இப்படித்தான் ஒரு வண்டியில்
ஊர் ஊராய்ச் சமைத்துத் தூங்கிப் படம் அனுப்பினான்.
மஞ்சள் வயல், மடக்கு மேசை, முழங்கை நீள ரொட்டி.
கீழே, "இங்கே இளவேனில், அத்தை."
இரண்டு முறை படித்தேன்.
வேலூரில் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை.
பனி போனால் வெயில், அவ்வளவுதான்.

அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஆலங்காயம்.
இருபத்தாறு வருடம் இந்த ரோட்டை
எண்பதுக்குக் குறையாமல் ஓட்டிய மனிதர்
நாற்பதில் போகிறார்.
பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்தால்
கையை வெளியே நீட்டிப் போ போ என்கிறார்,
வாங்கிய வழியையெல்லாம் திருப்பிக் கொடுக்கிறார்.

"இங்கே மரமா இருந்தது?"
ஓர் இலை இல்லாமல் உடம்பெல்லாம் பூத்த புரசு.
இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தார்.
அடிமரத்தின் வெள்ளைப் பட்டை அவருக்குத் தெரியும்,
லைட்டில் அது தெரிந்ததும் கியரைக் குறைப்பார்.
மேலே ஒன்று இருப்பது தெரியாது.

ஒவ்வொரு ஊரிலும் ஒரே கேள்வி: "யாருக்கு, என்ன?"
காவலூர் தாண்டிப் புளி அடித்துக்கொண்டிருந்த பெண்கள்
கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்து
கண்ணாடிக்குள் பார்த்தார்கள்.
நாங்கள் முட்டை உரித்துக்கொண்டிருந்தோம்.
"நல்லாத்தானே இருக்கீங்க?" என்றாள் ஒருத்தி,
கொஞ்சம் கோபமாகவே.
பிறகு ஒரு மடி புளியைக் கொட்டிவிட்டு
இரண்டு முட்டை வாங்கிக்கொண்டாள்.

"இந்த வளைவிலதான் ஒருதடவை" என்பார்.
அதற்கு மேல் சொல்லமாட்டார்.
நான் பில்லிங்கில், ஏழாம் கவுண்டர்.
அவர் இறக்கிவிட்டவர்கள் என்னிடம் ரசீதாக வந்தார்கள்.
சிலர் வரவில்லை.
ஒரே ஆட்களைத்தான் இருவரும் பார்த்தோம்,
வீட்டில் பேசியதில்லை.

ஜமுனாமரத்தூருக்கு முன்பே இருட்டிவிட்டது.
பெரிய மரத்தடியாகப் பார்த்து நிறுத்தினோம்.
இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினார்கள்.
நான் எழுவதற்குள் அவர் கையில் சாவி.
லுங்கியைக்கூடச் சரியாகக் கட்டவில்லை,
"எத்தனை மாசம்?" என்று கேட்டபடியே திறந்தார்.

வெளியே டார்ச்சுடன் சடையாண்டி என்பவர்.
"மாசமெல்லாம் இல்லீங்க.
இது இலுப்பை. பூ உதிருது.
கரடி வரும், வண்டிய எடுங்க."

எடுத்தார்.
சைரன் சுவிட்ச் இருந்த ஓட்டையில்
அவர் விரல் போய்ப் போய் வந்தது.
பள்ளிக்கூடச் சுவர் ஓரம், முந்நூறு அடி தூரம்,
அதையும் எண்பதில் போனார்.

கரடி வந்ததா, தெரியவில்லை.
காலையில் கூரை முழுக்கப் பூ.
தின்று பார்த்தோம், தித்திப்பு, பின்னால் பழைய நெய் வாசம்.
நோட்டில் எழுதினேன்:
டீசல் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது,
முட்டை நாற்பத்திரண்டு,
புளி, பூ என்று எழுதி எதிரே ஒன்றும் போடவில்லை.

மருமகனுக்கும் ஒரு வரி:
"வேனில் இருக்கிறோம்."
எந்த வேனில் என்று அவன் கேட்கட்டும்.
மலையில் சிக்னல் இல்லை.
போளூர் இறங்கினால்தான் போகும்,
இவர் ஓட்டுகிற வேகத்துக்கு
அது நாளைக்கு.